வாலிபர்களும் சட்டை வாசகங்களும்

(புதுவாயல் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். நாட்டில் எவ்வளவோ பெரிய காரியங்கள் காத்துக் கிடக்க, பனியனில் அச்சடித்த எழுத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று கேட்கவுங் கூடும். ஆனால் இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் ஒரு தீர்மானத்தின் நகலை நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆபாசமான இரட்டை அர்த்த வாசகங்கள் அச்சிட்ட டீ ஷர்ட்டுகளை இவ்வட்டாரத்து வாலிபர்களும் பெண்களும் போடக்கூடாதென்றும், அவற்றை விற்கும் கடைக்காரர்கள் மீது போலீசார் நடவடிக்கை எடுக்கவேண்டுமென்றும் அதில் கண்டிருக்கிறது. இதை ஆதரித்துப் பேசும்படி பெரியவர்கள் சிலரும், எதிர்த்துப் பேசும்படி வாலிபர்கள் சிலரும் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். இரு சாராரையும் நாம் முழுத் திருப்தி செய்யப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

தோழர்களே! விஷயம் சிறியதென்று நாம் நினைக்கவில்லை. ஏனென்றால், இந்தப் புதுவாயல் கூட்டு ரோட்டில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகக் காலையிலும் மாலையிலும் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சுற்றுப்பக்கக் கிராமங்களிலிருந்து முதல் முதலாகத் தம் கையால் சம்பாதிக்க வெளியே வந்த பெண்கள் அவர்கள். அவர்களுக்கெதிரில், பெண்ணின் உடம்பைப் பற்றிக் கேலியாக எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு நாலு பையன்கள் வரிசையாக நின்றால், அந்தப் பெண்களுக்கு அது எப்படி இருக்கும்? அதே பெண்களில் ஒருத்தி ஏதோ குறும்பான இங்கிலீஷ் வாசகம் போட்ட சட்டையைத் தெரிந்தோ தெரியாமலோ போட்டுக்கொண்டால், வீட்டில் என்ன நடக்கும்? "வேலைக்குப் போனது போதும், வீட்டில் இரு" என்று சொல்ல எத்தனை தகப்பன்மார் காத்திருக்கிறார்கள்? ஆகவே ஒரு பனியன் ஒரு பெண்ணின் படிப்பையும் பிழைப்பையுமே கெடுக்கக்கூடியதாக இருக்கிறது. அதனால்தான் இதைப் பேசத் தகுந்த விஷயமென்று நாம் கருதுகின்றோம்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளவேண்டும். சட்டையில் எழுத்து இருப்பதே தவறென்று அறிவுள்ள எவரும் சொல்லமாட்டார். 1984-ல் லண்டனில் காதரின் ஹாம்னெட் என்ற உடை தயாரிக்கும் பெண்மணி, அணு ஆயுத ஏவுகணைகளைப் பெரும்பாலான ஜனங்கள் விரும்பவில்லை என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பனியனைப் போட்டுக்கொண்டு பிரதம மந்திரி தாட்சர் அம்மையார் கொடுத்த விருந்திலேயே போய் நின்றார். நமது நாட்டிலும் 2020 செப்டம்பரில் "இந்தி தெரியாது போடா" என்ற பனியனைச் சினிமாக்காரர்கள் சிலர் போட்டு வெளிவர, அது சில தினங்களில் தமிழ்நாடு பூராவும் பரவிற்று. இவைகளெல்லாம் ஒளிவு மறைவில்லாத பேச்சு. பிடிக்காதவர்கள் பதில் சொல்லலாம். நாம் இன்று பேசுவது வேறு ஜாதி வாசகத்தைப் பற்றி. மேலுக்கு ஒரு அர்த்தமும் உள்ளே ஒரு அர்த்தமும் வைத்து, பார்க்கிறவன் கண்ணைச் சிமிட்டும்படியும் பார்க்கிறவள் தலையைக் குனியும்படியும் செய்கிற வாசகத்தைப் பற்றி.

நிற்க. இவ்வித வாசகங்களால் நமது பண்பாடு கெட்டுவிட்டது என்று கூச்சல் போடும் கனவான்களை முதலில் கொஞ்சம் விசாரிப்போம். இந்த ரோட்டிலிருந்து பிரிந்து போகிற பாதைதான் பெரியபாளையத்துக்குப் போகிறது. ஆடி மாதந் தொடங்கிவிட்டால் பவானியம்மன் கோவிலுக்கு ஆயிரக்கணக்கான ஜனங்கள் இவ்வழியே போகிறார்கள். அங்கே வேப்பஞ்சேலை என்று சொல்லி, வேப்பிலையை ஆடையாகக் கட்டிக்கொண்டு, ஆணும் பெண்ணுமாகக் கூட்டத்தின் நடுவில் கோவிலைச் சுற்றுவது நேர்த்திக்கடன். அந்த ஏழைப் பெண்களை நாம் பரிகாசம் செய்யவில்லை. பிள்ளைக்கு நோய் தீரவேண்டுமென்ற கவலையில் செய்கிறார்கள். ஆனால் அவர்களைப் பார்த்து எந்தப் பண்பாட்டுக் காவலராவது "ஐயோ, ஆபாசம்!" என்று சொல்லியிருக்கிறாரா? பக்தி என்று பெயர் வைத்துவிட்டால் எதுவும் ஆபாசமாவதில்லை! ஒரு கல்லூரிப் பெண் முழுக் கையும் மூடிய சட்டையில் இரண்டு இங்கிலீஷ் வார்த்தை போட்டால் மாத்திரம் உலகம் கவிழ்ந்து போகிறது!

அன்றியும், அம்மன் திருவிழா என்று ஒலிபெருக்கி கட்டி இரவு பூராவும் இரட்டை அர்த்தச் சினிமாப் பாட்டு வைப்பது யார்? "ஆடல் பாடல்" என்று மேடை போட்டு, பெண்களை ஆடவிட்டு, முன் வரிசையில் உட்காருவது யார்? ஊர்ப் பெரியவர்கள்தானே! 2015-ல் திருச்சி ஜில்லாவில் ஒரு கிராமத்துக் கோவில் திருவிழாவில் கலை நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டு ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்தது. அந்த வழக்கில் என்ன உத்தரவு பிறந்தது தெரியுமா? 2016 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுக் கோவில்களுக்கு வருகிற பக்தர்கள் இன்ன இன்ன உடையில்தான் வரவேண்டும் என்று பிறந்தது! மேடையில் ஆடுவது பற்றிய வழக்கில், கும்பிட வருகிறவர்களுக்கு உடைக் கட்டுப்பாடு கிடைத்தது. அம்மாதத்திலேயே இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அதை நிறுத்தி வைத்தது என்பது வேறு விஷயம். ஆபாசம் என்ற பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் யார் என்ன உடுத்துகிறார்கள் என்பதில்தான் வந்து முடிகிறது என்பதற்காக இதைச் சொல்லுகின்றோம்.

இன்னொன்றையும் கேட்கின்றோம். நம் தென் ஜில்லாக்களில் பள்ளிக்கூடப் பையன்கள் ஜாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். இதைக் கவனிக்கும்படி 2019-ல் பள்ளிக் கல்வி இலாகா ஒரு சுற்றறிக்கை விட்டது. உடனே மதத்திற்கு ஆபத்து என்று கூச்சல் கிளம்பிற்று. பழைய நிலையே தொடரும் என்று மந்திரி சொல்லிவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு சர்க்கார் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், ஜாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலியவை பள்ளிக்கூடத்திற்குள் கூடாதென்று சிபாரிசு செய்தது. இப்பொழுது நாம் கேட்பது என்னவென்றால், திருவிழாக்களிலும் குருபூஜைகளிலும் "ஆண்ட பரம்பரை" என்றும், இன்ன ஜாதிச் சிங்கம் என்றும் அச்சடித்த பனியனோடு வாலிபர்கள் திரிகிறார்களே, அது ஆபாசமில்லையா? ஆண்ட பரம்பரை என்றால் உள் அர்த்தம் என்ன? "நீ அடிமைப் பரம்பரை" என்று எதிரே வருகிறவனைச் சொல்வதுதானே? நாம் பார்த்த மட்டில், நாட்டிலுள்ள இரட்டை அர்த்த வாசகங்களிலெல்லாம் மிகவும் ஆபாசமானது இதுதான். அதைக் கண்டு பல் இளிக்கிறவர்களுக்கு மற்றதைக் கண்டிக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

எனவே பண்பாட்டின் பெயரால் இத்தீர்மானத்தை நாம் ஆதரிக்கமுடியாது. போலீசின் பெயராலோ என்றால், அதுவும் முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லுகின்றோம்.

உடையை உத்தரவு போட்டு ஆளுவது நமது நாட்டில் புதிதல்ல. திருவாங்கூரில் நாடார் சமூகத்துப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காக அடிபட்டார்கள். பல வருஷக் கிளர்ச்சிக்குப் பிறகு 1859-ல் தான் மகாராஜா விளம்பரம் போட்டு அனுமதி கொடுத்தார். அப்பொழுதுங்கூட, மேல் ஜாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார். அன்று துணி போட்டதே ஆபாசமாக இருந்தது! நமது இயக்கத்திற்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. ஒரு எழுத்துங்கூட இல்லாத வெறும் கறுப்புச் சட்டைக்குப் பயந்து, 1948-ல் சென்னை சர்க்கார் கருஞ்சட்டைப் படையைச் சட்ட விரோதமாக்கிற்று. சட்டையைக் கண்டு சர்க்கார் பயந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்த நாமே போய், "ஐயா போலீசாரே, வாலிபர்களின் சட்டையைப் பரிசோதியுங்கள்" என்று மனுச் செய்வதா? இன்று இரட்டை அர்த்தத்தைத் தேட வருகிறவன் நாளை நேர் அர்த்தத்தையும் தேட வருவான். "கடவுள் இல்லை" என்று எழுதிய பனியன்தான் அவன் கண்ணில் முதலில் ஆபாசமாகப் படும்.

மேலும், சட்டம் இல்லாமலும் இல்லை. ஆபாசத்திற்கு 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடில் 292-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 294-வது பிரிவாக இருக்கிறது. எது ஆபாசம் என்பதற்கு 1868-ல் இங்கிலாந்து நீதிபதி ஒருவர் வகுத்த பழைய அளவுகோலைக் கைவிட்டு, இக்காலத்துச் சமுதாயத்தின் பொது நிலையைக் கொண்டே பார்க்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெண்களைத் தொந்தரவு செய்கிறவர்களைத் தண்டிக்க, சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் காலிகளின் தொந்தரவினால் உயிரிழந்த பிறகு, 1998-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணை வாயாலோ கையாலோ தொந்தரவு செய்கிறவன் மீது அதைப் பிரயோகிக்கட்டும். பனியனை மடித்து வைத்திருக்கிற கடைக்காரன் மீது பாய்வதற்குப் புதிதாக ஒன்றும் வேண்டியதில்லை.

கல்லூரிகள் போட்ட தடையின் கதியையும் பாருங்கள். 2005-ல் அண்ணா பல்கலைக் கழகம் தன்னோடு சேர்ந்த என்ஜினியரிங் கல்லூரிகளில் ஜீன்ஸ், டீ ஷர்ட், கையில்லாத மேல்சட்டை ஆகியவைகளை மாணவர்கள் போடக்கூடாதென்று கட்டுப்பாடு விதித்தது. எழுத்து உள்ளதா இல்லாததா, நல்ல எழுத்தா கெட்ட எழுத்தா என்ற கேள்வியே இல்லை, உடையையே தடுத்தாகிவிட்டது. இத்தகைய கட்டுப்பாடுகள் காகிதத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத்தான் இருக்கும். ஆனால் கல்லூரி வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்து, துப்பட்டா எங்கே என்று கேட்கப்படுகிறவள் பெண்தான். பையன் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருவான். பெண்ணுக்கோ கெட்ட பெயரும் சேர்ந்து வருகிறது.

பின், பள்ளிக்கூடத்தில் கட்டுப்பாடே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சீருடை என்பது பணக்காரன் ஏழை வித்தியாசத்தையும், ஜாதி அடையாளத்தையும் மறைக்கிற நல்ல ஏற்பாடு. பள்ளிக்கூடம் வேறு, தெரு வேறு என்பதை மாத்திரம் மறக்கக்கூடாது. இதில் அமெரிக்காவில் நடந்த மூன்று வழக்குகளைக் கேளுங்கள். 1968-ல் 19 வயது வாலிபர் ஒருவர், கட்டாய ராணுவச் சேர்க்கையைக் கெட்ட வார்த்தையால் திட்டி எழுதிய மேல்சட்டையோடு லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நடந்தார். 30 நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. 1971-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. இன்னொரு பையன் 1983-ல் பள்ளிக்கூடத் தேர்தல் கூட்டத்தில் நண்பனுக்கு ஓட்டுக் கேட்கையில், ஆரம்பமுதல் முடிவு வரை இரட்டை அர்த்தத்தில் பேசினான். பள்ளிக்கூடம் தண்டித்தது சரியே என்று 1986-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

மூன்றாவது வழக்குத்தான் நமக்கு முக்கியம். பென்சில்வேனியா மாகாணத்தில் ஈஸ்டன் என்ற ஊரில் இரண்டு சிறு பெண்கள், "எனக்கு மார்பகம் பிடிக்கும்" என்ற அர்த்தத்தில் கொச்சையாக எழுதிய ரப்பர் வளையத்தைக் கையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ஆபாசம் என்று பள்ளிக்கூடம் அவர்களை விலக்கி வைத்தது. அது மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பெண்கள் வெட்கப்படாமல் பேசவேண்டும் என்பதற்காகச் செய்த வளையம். 2013-ல் அப்பீல் கோர்ட்டு பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் அதில் தலையிட மறுத்துவிட்டது. பாருங்கள், தோழர்களே! வார்த்தையை மாத்திரம் பார்த்தால் அந்த வளையத்தின் எழுத்துத்தான் நம்மூர்ப் பெரியவர்களுக்கு மயக்கம் வரவழைக்கும். அதன் நோக்கமோ உயிரைக் காப்பாற்றுவது. நம் வீட்டுப் பெண்கள் மார்பில் ஒரு கட்டி தென்பட்டால், வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்து, நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அந்த வெட்கத்தைவிட அந்த வளையம் எவ்வளவோ மேல் அல்லவா?

இனி வாலிபத் தோழர்களைப் பார்த்துச் சில வார்த்தைகள் சொல்லுகின்றோம். இதுவரை கை தட்டினீர்கள். இனியும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

"எங்கள் உடம்பு, எங்கள் சட்டை, எங்கள் இஷ்டம்" என்கிறீர்கள். இஷ்டம் உங்களுடையதுதானா என்றுதான் கேட்கின்றோம். அந்த வாசகத்தை நீங்கள் எழுதினீர்களா? எங்கோ அயல் தேசத்துக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் எழுதினான். நமது நாட்டுப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பகுதி திருப்பூரிலிருந்து போகிறது. ஒரு சட்டத்தில் வலையை இழுத்துக் கட்டி, எழுத்தின் வடிவத்தில் மாத்திரம் கண்ணைத் திறந்துவிட்டு, மேலே சாயத்தை வழித்தால் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான பனியன் ஆகிவிடும். பெண்ணைக் கேலி செய்கிற அந்தப் பனியனுக்குப் பிசிறு வெட்டி, மடித்து, பெட்டியில் வைக்கிறவள் அந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரியாத ஒரு ஏழைப் பெண்ணாக இருப்பாள். ஏற்றுமதியில் கழிந்தது ரோட்டோரக் கடைக்கு வருகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கி, அவன் எழுதியதை உங்கள் மார்பில் சுமக்கிறீர்கள். சுவர்க்காரனாவது விளம்பரத்துக்குச் சுவரை விட்டால் வாடகை வாங்குகிறான். நீங்கள் வாடகையும் கொடுத்துச் சுவராகவும் நிற்கிறீர்கள்!

அர்த்தந் தெரியாமல் சுமப்பதில் நமது ஜனங்களுக்குப் பழைய பழக்கம் உண்டு. புரோகிதக் கல்யாணத்தில் மணப்பெண்ணை உட்காரவைத்து ஒரு மந்திரம் சொல்லப்படுகிறது. ரிக் வேதத்தில் பத்தாவது மண்டலம் 85-வது சூக்தத்தில் இருப்பது. அதன் அர்த்தம் என்னவென்றால், இந்தப் பெண்ணை முதலில் சோமன் அடைந்தான், பிறகு கந்தர்வன் அடைந்தான், மூன்றாவதாக அக்கினி அடைந்தான், நாலாவதுதான் மனிதனாகிய நீ என்பதாகும். தகப்பனும் தாயும் உறவினரும் கேட்டுக்கொண்டு அட்சதை போடுகிறார்கள். இதைத் தமிழில் சொன்னால் எந்தத் தகப்பனாவது சும்மா இருப்பானா? அர்த்தந் தெரியாத மந்திரத்தைக் காதில் வாங்குகிற தகப்பனும், அர்த்தந் தெரியாத இங்கிலீஷை மார்பில் போட்டுக்கொள்ளுகிற மகனும் நமக்கு ஒன்றாகத்தான் தோன்றுகிறார்கள். தகப்பனுக்காவது 1967-ல் சுயமரியாதைக் கல்யாணத்தைச் செல்லுபடியாக்கிச் சட்டம் செய்து ஒரு வழி திறந்துவிட்டார்கள். மகனுக்குப் பள்ளிக்கூடப் படிப்பும் கையில் போனும் இருக்கின்றன. வாங்கும் முன் அர்த்தம் பார்க்க அரை நிமிஷம் ஆகாது.

சரி, அர்த்தந் தெரிந்தே போடுகிறோம் என்பவர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றுதான். சட்டையில் உள்ள வாசகத்தை, அதன் உள் அர்த்தத்தோடு, எதிரே நிற்கிற முன்பின் தெரியாத பெண்ணின் முகத்தைப் பார்த்து உன் வாயால் சொல்ல முடியுமா? முடியுமென்றால் நீ காலி. அதற்குத்தான் சட்டம் இருக்கிறது. முடியாதென்றால், வாயால் சொல்லப் பயந்ததைத் துணியால் சொல்லுகிறாய் என்று ஆகிறது. கேட்டால் "அதற்கு அப்படி அர்த்தமில்லை, நீங்கள்தான் தப்பாக எடுத்துக்கொள்ளுகிறீர்கள்" என்று தப்பித்துக்கொள்ளுகிறாய். இதற்குப் பெயர் தைரியமா? சுயமரியாதைக்காரன் சொல்லவேண்டியதை நேராகச் சொல்லுவான், அடியும் வாங்குவான். ஒளிந்துகொண்டு கல்லெறிவது அவன் வேலையல்ல.

ஆகவே ஒரு வாசகம் தகுமா தகாதா என்பதற்கு நாம் மூன்று கேள்விகளை வைக்கின்றோம். அர்த்தம் தெரிந்து, அதற்கு ஜவாபு சொல்லத் தயாராக இருக்கிறாயா என்பது ஒன்று. அதையே நேருக்கு நேர் சொல்லுவாயா என்பது ஒன்று. அதனால் எவருடைய மானமாவது குறைகிறதா என்பது ஒன்று. சாஸ்திரமோ, ஊர்க் கட்டுப்பாடோ, நாலு பேர் என்ன சொல்லுவார்களோ என்ற பயமோ இதில் இல்லை. அந்தப் புற்றுநோய் வளையம் மூன்றிலும் தேறிவிடும். ஆண்ட பரம்பரைப் பனியன் மூன்றாவதில் தோற்றுவிடும். "இந்தி தெரியாது போடா" என்பது ஆதிக்கத்தைப் பார்த்துச் சொன்னது, தேறும். ஆனால் அதே பனியனைப் போட்டுக்கொண்டு, சிப்காட்டில் நம்மோடு அரை வயிற்றுக்கு உழைக்கிற பீகார்க்காரனையும் ஒரியாக்காரனையும் வம்புக்கு இழுத்தால் அப்பொழுது தேறாது. டில்லியைக் கேட்கவேண்டியதை அந்தக் கூலிக்காரனைக் கேட்பது வீரமல்ல.

பெண்களின் மானத்தைக் குறைக்கிற வாசகங்களுக்கு யார் பதில் சொல்லவேண்டுமென்றால், பெண்களேதான் சொல்லவேண்டும், சொல்லியும் இருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் அபர்கிராம்பி அண்டு பிட்ச் என்ற பெரிய துணிக் கம்பெனி, "இவை இருக்கும்பொழுது மூளை எதற்கு?" என்ற அர்த்தத்தில் பெண்களின் மார்பின்மேல் வரும்படி அச்சிட்ட பனியனை விற்றது. பென்சில்வேனியாவில் சில பள்ளிக்கூடப் பெண்கள் சேர்ந்து, நாங்கள் இந்தக் கடையில் வாங்கமாட்டோம், எங்கள் தோழிகளும் வாங்கமாட்டார்கள் என்று பகிஷ்காரம் ஆரம்பித்தார்கள். பத்திரிகைகளில் வந்தது, டெலிவிஷனில் வந்தது. அவ்வருஷம் நவம்பரிலேயே கம்பெனி அச்சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2011-ல் ஜேசி பென்னி என்ற இன்னொரு கம்பெனி, "நான் ரொம்ப அழகு, வீட்டுப்பாடம் செய்ய நேரமில்லை, அண்ணன்தான் எனக்காகச் செய்யவேண்டும்" என்ற தோரணையில் சிறுமிகளுக்குச் சட்டை போட்டது. ஜனங்கள் கண்டித்ததும் அதையும் எடுத்துவிட்டார்கள். இவற்றில் போலீசும் கோர்ட்டும் எங்கே வந்தன? வாங்குகிறவர்கள் யோசித்தார்கள், விற்கிறவன் வழிக்கு வந்தான்.

அந்த இரண்டாவது சட்டையில் ஆபாசம் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் பெரியவர்கள் பார்த்தால் "குழந்தைக்கு அழகாயிருக்கிறது" என்று வாங்கிக்கூடக் கொடுப்பார்கள். பெண்ணுக்கு அழகு போதும், அறிவு வேண்டாம் என்று ஏழு வயதுக் குழந்தையின் மார்பில் எழுதுவதை விடவா உடம்பைப் பற்றிய கேலி கெடுதல்?

தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெண் குறும்பான வாசகம் போட்டிருந்தால், அதன் அர்த்தம் என்ன, அது உனக்குச் சம்மதமா என்று உட்காரவைத்துக் கேளுங்கள். அவளுக்குச் சம்மதமாக இருந்தால், உங்களுக்குப் பிடிக்காததற்குக் காரணம் சொல்லுங்கள். காரணமில்லாமல் படிப்பை நிறுத்தாதீர்கள், வேலையை நிறுத்தாதீர்கள். சட்டையில் எது எழுதியிருந்தாலும், அது அவளைத் தொடுவதற்கு எவனுக்கும் கொடுத்த சீட்டு ஆகாது. தொட்டவனை விட்டுவிட்டுச் சட்டையை விசாரிக்கிற பழக்கம் இருக்கிற வரையில், நாம் பெண் மக்களைப் பெற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவேண்டும். பையனையும் அதே மாதிரி கேளுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான்" என்று விட்டுவிடாதீர்கள்.

மற்றொன்று. இரட்டை அர்த்தம் என்பது எங்கே வளருகிறது? நேர் அர்த்தத்தைப் பேசக்கூடாதென்று வாயை மூடிவைத்த இடத்தில்தான் வளருகிறது. வயது வந்த பையனுக்கும் பெண்ணுக்கும் தங்கள் உடம்பைப் பற்றி வீட்டில் சொல்லுவாரில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். பிறகு அவர்கள் எங்கே கற்றுக்கொள்ளுவார்கள்? சினிமாப் பாட்டிலும், செல்போனிலும், பனியனிலுந்தான் கற்றுக்கொள்ளுவார்கள். 1930-களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி நமது இயக்கப் பத்திரிகைகள் பச்சையாக எழுதின. அன்றைக்கும் ஆபாசம் என்றார்கள். இன்று சர்க்கார் ஆஸ்பத்திரிச் சுவரில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி தெரிந்துகொண்ட பையனுக்கு இரட்டை அர்த்தப் பனியனைக் கண்டால் சிரிப்பே வராது.

ஆகவே தோழர்களே! கொடுத்த தீர்மானத்தை நாம் இப்படித் திருத்திப் பிரேரேபிக்கின்றோம். போலீசைக் கூப்பிடும் பகுதியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, அர்த்தந் தெரியாத வாசகத்தையும், பெண்களையும் தாழ்த்தப்பட்டவர்களையும் ஏழைத் தொழிலாளர்களையும் இழிவு செய்யும் வாசகத்தையும் நாங்கள் வாங்குவதில்லை, போடுவதில்லை என்று இவ்வூர் வாலிபர்கள், ஆணும் பெண்ணுமாக, தாங்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். ஜாதிப் பெருமைப் பனியனையும் அதில் முதலாவதாகச் சேர்க்கட்டும். கடைக்காரரிடம் நாலு பேராகப் போய், இன்ன சரக்கு எங்களுக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லட்டும். விற்காத சரக்கை எந்த வியாபாரியும் வாங்கி வைக்கமாட்டான். எழுத்துப் போட ஆசையாக இருந்தால், தமிழில், நீங்களே யோசித்து, நாலு பேர் நின்று படித்து விவாதிக்கும்படியாக எழுதிப் போடுங்கள். பெரியவர்களுக்குப் பிடிக்காமல் போனால் போகட்டும். பதில் சொல்லத் தயாராயிருந்தால் போதும்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் பெட்டியைத் திறந்து, உள்ள சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பாருங்கள். அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைப் போட்டுக்கொள்ளுங்கள், சரியில்லை என்று பட்டதைக் கரித்துணியாக்கி அடுப்பங்கரைக்குக் கொடுத்துவிடுங்கள்.